ஒரு காலை நிம்மதி

மனக்கவலை ஏறினால் உடம்பில் சுரக்கும் ஹார்மோன் எச்சிலிலேயே தெரிந்துவிடும். அதற்காகக் குடவாசல் பக்கத்து வீடுகளில், விடிந்ததும் வாயில் அடக்கித் தரும்படி பஞ்சு கொடுத்திருந்தாள் மனநல ஆராய்ச்சியாளர் பிரகதாம்பாள். குத்தகை நில வழக்கில் தவிக்கும் ரெங்கம்மாளுக்கு எல்லா நாளும் எகிறிக் கிடந்த அளவு, ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் குளத்துத் தண்ணீர்போல் அடங்கியிருந்தது.

ரெங்கம்மாளைப் பார்க்க பஸ்ஸில் கனவு கண்டுகொண்டே போனாள் பிரகதாம்பாள். அன்று வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்குமோ? நாற்றங்கால் காற்றாக இருக்குமோ? எதுவானாலும், இத்தனை வருட ஆராய்ச்சி தேடிய மருந்து அதுதான். ஜன்னலுக்கு வெளியே பச்சை வயல்கள் மிதந்து போயின.

"வெள்ளிக்கிழமை காலையில என்னக்கா நடந்துச்சு? மனசு அவ்வளவு லேசா இருந்திருக்கே."

ரெங்கம்மாள் யோசித்தாள். "அன்னிக்கு நடவு, டாக்டரம்மா. அவசரத்துல வெத்தலை போட்டுட்டேன். வெறும் வாயா இருக்கணும்னு சொன்னீங்கல்ல, அதான் தூங்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரரு வாயில பஞ்சை வச்சு எடுத்துட்டேன். ஒரே வீடு, ஒரே சோறுதானே."

பிரகதாம்பாளுக்குக் கனவு கலைந்தது. "வழக்கு அவரு பேர்லதானே நடக்குது?"

"நிலம், வழக்கு எல்லாம் அவரு பேர்லதாங்க. கவலை மட்டுந்தான் எம் பேர்ல."