சொந்த ஆய்வு

"அண்ணா, எனக்கு நாலு வரி சேர்ந்தாப்புல எழுத வராது. திங்கக்கெழம புராஜெக்ட் வெச்சாகணும். நீங்கதான் எப்படியாவது காப்பாத்தணும்" என்று ரேணுகா கண்ணைக் கசக்கினாள்.

படிப்பது இதழியல் இளங்கலை, மூன்றாம் ஆண்டு. பத்திரிகைக்காரி ஆகப்போகிறவளுக்கு நாலு வரி எழுத வராதாம்! அதைச் சொல்ல அவளுக்குத் துளிக் கூச்சம்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கடைக்காரர் பக்தவத்சலம் பஜ்ஜியைப் பிய்த்து வாயில் போட்டபடி, "இன்னாத்துக்குமா அழுவுற? குந்து" என்றார். எண்ணெய்க் கையை ஒரு தாளில் துடைத்துக் கசக்கிப் போட்டார். அது யாரோ ஒரு மாணவரின் முன்னுரைப் பக்கம்.

"நீ எத நெனச்சுகினு வந்தாலும் அது இங்க கீது" என்று அலமாரியைக் காட்டினார்.

கொரட்டூர் ஏரி, பாடி மேம்பாலத்து நெரிசல், குத்தம்பாக்கம் பேருந்து முனையம் என்று வரிசையாக பைண்டு செய்த புத்தகங்கள். ஒன்றைப் பிரித்தாள். பெயருக்கு மட்டும் இடம் விட்டு, 'இது என் சொந்த ஆய்வு என உறுதி கூறுகிறேன்' என்று அழகாக அச்சடித்திருந்தது.

"கள ஆய்வெல்லாம் இருக்காண்ணா? நூறு பேர்கிட்ட கருத்து கேக்கணுமாம்."

"எங்க ஊட்டுக்காரியும் அவ தங்கச்சியும் சீரியல் பாத்துகினே நூறு ஃபாரத்தயும் ரொப்பிடுவாங்க. நாலு கலர் பேனா கீது. பாதிய இடது கையால எய்துவாங்க. ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாது."

"நன்றியுரை?"

"அம்மா அப்பா பேரச் சொல்லு, போதும். 'என்னை ஈன்றெடுத்த'ன்னு மீதிய கம்ப்யூட்டரே போட்டுக்கும்."

பெற்றவர்களுக்குச் சொல்லும் நன்றிகூட வாடகைச் சைக்கிள் போல ஆளுக்கு ஆள் கை மாறுகிறது. ரேணுகா அந்தப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

அவள் வாங்க வந்தவளே அல்ல. மடியிலிருந்த கைப்பைக்குள் அவளுடைய செல்போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. வகுப்பில் பாதிப்பேர் இங்கே வாங்கிய சரக்கைத்தான் ஒப்படைக்கப் போகிறார்கள். அந்தக் கடையைப் பற்றியதுதான் அவளுடைய ஆய்வு.

ஆவடி குவார்ட்டர்ஸில் கூட வளர்ந்தவர்கள் எல்லாம் இன்ஜினியரிங் போக, இவள் மட்டும் அப்பாவோடு ஒரு மாதம் சண்டை போட்டுச் சேர்ந்த படிப்பு இது. மூன்று வருடத்தில் என்ன கிழித்தாய் என்று கேட்டால் எடுத்துக் காட்ட இந்த ஓர் ஆய்வுதான் அவளிடம் இருந்தது. யாரும் தொடாத தலைப்பு. இதைக் காட்டித்தான் ஒரு வார இதழில் பயிற்சி நிருபர் வேலை கேட்பதாக இருந்தாள்.

"மனசத் தொடுற மாதிரி ஏதாவது இருக்காண்ணா?" என்று தூண்டில் போட்டாள்.

பக்தவத்சலத்தின் முகம் மலர்ந்தது. ஒரு புத்தகத்தை உருவினார். "ஃபேக்டரி மெஷின்ல மாட்டிகினு செத்த பையனோட அம்மா பேட்டி. உங்க காலேஜ்தான், கிஷோருன்னு ஒரு பையன் போன மாசம் வாங்கினு போனான்."

ரேணுகாவுக்குத் திக்கென்றது. கிஷோர் அதை வகுப்பில் வாசித்திருந்தான். 'சோத்தப் போட்டா அவன் கைதான்யா கண்ணுல நிக்குது' என்று அந்தத் தாய் சொன்ன இடத்தில் வகுப்பே அழுதது. ரேணுகா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

"அந்த அம்மா எங்கண்ணா இருக்காங்க?"

"எந்த அம்மா?" பக்தவத்சலம் வாய்விட்டுச் சிரித்தார். "நான்தாம்மா அந்த அம்மா! இதே எடத்துல குந்திகினு, பஜ்ஜி துன்னுகினே எய்தனது. உனுக்கு அழுகாச்சி வாணான்னா கோவமா மாத்தித் தரேன்."

அவ்வளவுதான். இந்த ஆளின் பஜ்ஜி ஏப்பத்துக்கா நாம் அழுதோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கண்ணீரே அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசவிட்டுப் பதிவு செய்யலாம் என்றுதான் வந்திருந்தாள். முடியவில்லை. செல்போனை எடுத்து மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"நான் வாங்க வரல. நீங்க பேசினது அத்தனையும் இதுல இருக்கு. என் புராஜெக்ட்டே உங்க கடைதான். 'விற்பனைக்கு ஆய்வேடுகள்'னு தலைப்பு. திங்கக்கெழம காலேஜ்ல வெப்பேன். அப்புறம் பத்திரிகையிலயும் வரும்."

ஆள் பதறுவார், காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து நின்றாள்.

பக்தவத்சலம் மிச்சமிருந்த பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். குனிந்து அலமாரியின் கீழ்த்தட்டில் துழாவி, நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"இந்தத் தலைப்புன்னு மொதல்லயே சொல்லக் கூடாதாமா? போன வருசமே மூணு பேர் வாங்கினு போனாங்க, என் பேட்டியோட!"