சன்னல் உயரம்

சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்ததும் மொக்கச்சாமி மேஸ்திரி நிமிர்ந்து நின்று, எந்தச் சுவர் எங்கே வரும் என்று கையை நீட்டிக் காட்டினான்.

போடியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையோரம், ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்கு முன்னால் இருந்த மேட்டு நிலம் அது. குருவம்மாளுக்குச் சொந்தமானது.

காது கேளாத, வாய் பேச வராத, புத்தி தேறாத பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளிக்கூடம். தெற்கே வெள்ளைக்காரப் பாதிரிகள் அப்படி ஒன்று நடத்துவதாகக் கேள்விப்பட்டு அவள் ஆரம்பித்த காரியம். புருஷன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பிள்ளை இல்லாதவள் புண்ணியம் தேடுகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அவளுக்கு ஒரே ஒரு பெண் பிறந்து, சின்ன வயசிலேயே மலைக்காய்ச்சலில் போய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சுத்துச்சுவர் ஆள் உசரத்துக்கு மேல வரும் ஆத்தா. சன்னல் எல்லாம் தலைக்கு மேல. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். இந்த மாதிரிப் பிள்ளைக சந்து கெடைச்சா ஓடிரும். சுவத்துல ஒரு ஆணிகூடக் கைக்கு எட்டக் கூடாது. தரைய வாட்டமா வச்சுட்டா கழுவிவிடத் தோதா இருக்கும்."

தயங்காமல் சொன்னான். அந்தப் பக்கத்தில் அப்படியொரு பள்ளிக்கூடம் யாரும் கட்டியதில்லை. ஆனாலும் அவன் எதையும் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

குருவம்மாள் தலையாட்டவில்லை.

"இங்கிட்டு வாங்க மேஸ்திரி" என்று கொட்டகைக்குப் பின்பக்கம் நடந்தாள்.

அங்கே தனியாக ஒரு சின்ன அறை நின்றது. மூட்டை அடுக்கும் அறை என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். அவள் கதவைத் தள்ளினாள்.

உள்ளே மூட்டை இல்லை. ஒரு கோரைப்பாய், ஒரு தகரக் குவளை. ஏலக்காய் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. சன்னல் இல்லை.

"எம்மக இங்கதான் இருந்தா. பேச்சி."

மொக்கச்சாமிக்கு விளங்கவில்லை.

"காய்ச்சல்ல போயிட்டான்னு ஊருக்குச் சொன்னோம். காது கேக்கல, பேச்சு வரல, அம்புட்டுத்தான். போன மாசியிலதான் செத்தா. பத்தொம்போது வயசு."

அவன் பிடிமானத்துக்குச் சுவரைத் தொட்டான். தொட்ட இடம் வழவழவென்று இருந்தது. குனிந்து பார்த்தான். காரை பெயர்ந்து, அதற்குள் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் துளை. சுற்றிலும் நெற்றி பட்டுப் பட்டுச் சுவர் கறுத்துப் போயிருந்தது.

தரையில் உட்கார்ந்து துளையில் கண்ணை வைத்தான்.

மலைப்பாதை தெரிந்தது. ஏலக்காய் மூட்டை சுமந்த கழுதைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓட்டி வந்தவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். சத்தம் கேட்டது. பேச்சிக்கு அதுவும் கேட்டிருக்காது.

"பாதையில போறவுக பார்த்துருவாகன்னு ரெண்டு தடவை நான்தான் மண்ணு வச்சு அடைச்சேன். ரெண்டு தடவையும் நோண்டிட்டா. நகமெல்லாம் ரத்தம்."

குருவம்மாள் அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அவர்தான் அடைச்சு வச்சாருன்னு நெனைக்காதீக. அவரு தோட்டமே கதின்னு மலையில கெடந்தாரு. சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு."

மொக்கச்சாமி அவள் பக்கம் திரும்பாமல் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைப் பார்க்கவே அவன் அருவருக்கிறான் என்று குருவம்மாள் நினைத்தாள். அது நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

"சன்னல் தலைக்கு மேல இருக்கணும்னீகளே. வேணாம். இந்தத் தொளை இருக்க உசரத்துக்கு வைங்க. பிள்ளைக உக்காந்தா வெளிய தெரியணும். வெளித்தாழ்ப்பாளே எங்கயும் வேணாம்."

அவன் இடுப்பில் செருகியிருந்த அளவு நூலை எடுத்தான். ஒரு முனையைத் தரையில் வைத்து, மறு முனையைத் துளைக்குக் கொண்டுபோகப் பார்த்தான். பாதியிலேயே கையை விட்டான். நூல் கீழே விழுந்தது. அதை எடுக்காமலே எழுந்தான்.

"நான் வீட்டுக்குப் போகணும் ஆத்தா."

"சோலி கெடக்கே மேஸ்திரி."

"ராசிங்காபுரம் வரைக்குந்தான். வெரசா வந்துர்றேன். பின்கட்டுக் கதவு பூட்டிக் கெடக்கு. தெறந்து விடணும்."

கதவுதானே, சாயங்காலம் போய்த் திறந்தால் ஆகாதா என்று கேட்கப் போனவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

ஆள் உசரத்துக்கு மேல் சுவர். தலைக்கு மேல் சன்னல். கழுவிவிடத் தோதான தரை. இதையெல்லாம் இவன் எங்கே கட்டிப் பழகினான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கீழே கிடந்த நூலை அவளே எடுத்துச் சுற்றினாள்.

"பையனா, பொண்ணா?"

"பையன். ஒம்போது வயசு."

"பேரு?"

மொக்கச்சாமி வாயைத் திறந்தான். பெயர் உடனே வரவில்லை. அந்த வீட்டில் பையனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டிய தேவையே இருந்ததில்லை.

"காசிமாயன்" என்றான், கடைசியில்.