நூற்று முப்பது சென்டிமீட்டர்

காடழிப்பைத் தடுக்கும் உலக ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை, மூடிய காட்டில் மரம் அளப்பவர்கள் வெளியே வரக்கூடாது. அம்மா அளக்க உள்ளே போய் எட்டு வருடம். மரத்தின் சுற்றளவை நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். அவள் போனபோது என் உயரமும் அதுதான்; என் தலையில் கை வைப்பதாக நினைத்துத்தான் ஒவ்வொரு மரத்திலும் கை வைப்பாள்.

போன வாரம் போனில் கேட்டாள்: “எம்புட்டு வளந்திருக்க, கழுத?”

“நூத்தம்பத்தாறும்மா.”

“அடியாத்தி!”

அவள் அனுப்பும் பட்டியலைத் தட்டச்சு செய்வது என் பகல் வேலை. இன்று வந்ததில் எல்லா மரங்களும் முன்னைவிட இளைத்திருந்தன. என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு புரிந்தது, என் புது உயரத்தில் அளந்திருக்கிறாள்; மேலே போகப் போக மரம் மெலியும். காடு குறைந்ததென்று ஒப்பந்தக் கையெழுத்தைத் தள்ளிவைப்பார்கள்.

மாலை வகுப்புக்குப் போகாமல் அழைத்தேன். “பழைய உயரத்துலயே அளம்மா.”

சொன்னது சரியா, தெரியவில்லை.

“சரிடி, கைய எறக்கிக்கிறேன்.”