சம்பந்தியாரின் மீன்ரின்கள்

ஏணியின் அடியில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார்.

உச்சியில் மகனின் கை தெரிந்தது. மழையில் நனைந்து, நீண்டு, விரல்களை விரித்துக்கொண்டு.

அவருக்காக நீண்ட கை அல்ல.

"பிடியுங்கோ மாமா. மற்றக் காலையும் வையுங்கோ. அவ்வளவுதான்."

சம்பந்தியார் மேலே போய்விட்டார். கையும் போய்விட்டது.

அவர் ஏறத் தொடங்கினார். செங்குத்தான மர ஏணி. படிகளில் சேறு. ஒரு பக்கம் வெயில் இறங்காத காடு, கீழே பசிபிக் கடல். கனடாவின் இந்தக் கரையில் வீதி கிடையாது. தொலைபேசி எடுக்காது. உண்பதையும் உறங்குவதையும் முதுகில் கட்டிக்கொண்டு நாட்கணக்கில் நடக்க வேண்டும்.

இந்த வயதில் அவருக்கு வேண்டாத வேலை.

ஆனால் மகன் ஆரூரன் மாமனாரோடு காடு நடக்கப் போகிறான் என்று ஸ்கார்பரோவில் யாரோ சொன்னார்கள். அன்று மாலையே அவர் சப்பாத்து வாங்கினார். தகப்பன் உயிரோடு இருக்க, பெண் கொடுத்தவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதா?

வந்தார். வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

ஆற்றைக் கடக்கும்போது மகன் மாமாவின் பக்கத்தில். கூடாரம் அடித்தால் முதலில் மாமாவுக்கு. தண்ணீர் வடித்தால் முதல் போத்தல் மாமாவுக்கு.

முதல் மாலை சம்பந்தியார் தன் பையிலிருந்து மீன்ரின்களை எடுத்து மணலில் அடுக்கினார். இந்தப் பாதையில் பல்லுத்தூரிகையின் பிடியைக்கூட வெட்டி எறிந்துவிட்டு நடப்பார்கள். இவர் தகரத்தைச் சுமந்து வந்திருக்கிறார். வெங்காயம், மிளகாய்த்தூள், தேசிக்காய். கரையொதுங்கிய கட்டைகளுக்கு நடுவே நெருப்பு. மகன் சட்டியை வழித்து நக்கினான்.

"மாமான்ர கைப்பக்குவம் வேற, என்னப்பா?"

ரின்னை வெட்டிக் கொட்ட என்ன கைப்பக்குவம்? அவர் தமக்குப் பசியில்லை என்றார். பசித்தது.

இன்று அவருடைய பை கனத்தது.

சாப்பிடச் சாப்பிடக் குறைய வேண்டிய பை. வயது என்று நினைத்தார். நினைத்ததை முகத்துக்கு வரவிடவில்லை. நிமிர்ந்தபடியே கடைசிப் படியைத் தாண்டினார்.

மேலே சம்பந்தியார் விழுந்து கிடந்த மரத்தில் அமர்ந்திருந்தார். மகன் வரைபடத்தோடு நின்றான். கடல் ஏறுவதற்குள் அடுத்த கரையைக் கடந்துவிட வேண்டும்.

மழைச்சட்டை எடுக்க அவர் பையைத் திறந்தார்.

அடியில், அவர் இரவில் உடுக்கும் சாரத்துக்குள் சுற்றி, சம்பந்தியாரின் மீன்ரின்கள்.

கரடிக்குப் பயந்து சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இரவில் இரும்புப் பெட்டிக்குள் போகும். விடிந்ததும் எடுத்து மூன்று பைகளுக்கும் பிரித்து வைப்பது மகன். அந்த நேரம் அவர் சவரம் செய்துகொண்டிருப்பார். காட்டிலும் அவருக்குச் சவரம் தவறக்கூடாது.

புரிந்தது.

சம்பந்தியாரின் முதுகுப் பாரத்தைக் குறைக்க வேண்டியிருந்திருக்கிறது. அதற்கு மகனுக்குக் கிடைத்தது தகப்பனின் முதுகு. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருடைய குடும்பத்தில் யாரும் பெண் வீட்டாரின் மூட்டையைத் தூக்கியதில்லை.

பைக்குள்ளேயே ஒரு ரின்னை இறுகப் பிடித்தார். வெளியே எடுத்துக் காட்டினால் போதும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

"சம்பந்தி," என்றார் சம்பந்தியார். "எனக்கு இண்டைக்குப் பாரமே தெரியேல்ல. உடம்பு பழகீட்டுது. உங்களுக்குத்தான் கொஞ்சம் மூச்சு வாங்குது போல."

சொல்லிக்கொண்டே காற்சட்டையைச் சுருட்டினார். முழங்கால் இளநீர்க்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அதன்மேல் துணியைச் சுற்றியபடி சிரித்தார்.

ரின்கள் பை மாறியது சம்பந்தியாருக்குத் தெரியாது.

மகன் வரைபடத்திலிருந்து நிமிர்ந்தான். பைக்குள் போயிருந்த தகப்பனின் கையைப் பார்த்தான்.

களவு பிடிபட்ட முகம் இல்லை அது. மன்னிப்புக் கேட்கும் முகமும் இல்லை. அப்பா என்னை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பிய முகம்.

அந்த முகத்தை மகன் மாமாவுக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. மாமாவுக்குக் கை கொடுப்பான். மாமாவுக்குத் தண்ணீர் கொடுப்பான். மாமாவிடம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்வான்.

அவர் ரின்னை விட்டார். தகரத்தோடு தகரம் முட்டிச் சத்தம் வராதபடி சாரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பையை மூடினார்.

"உங்களுக்கென்ன சம்பந்தி, நீங்கள் இளந்தாரி."

சம்பந்தியார் வாய்விட்டுச் சிரித்தார். மகன் குனிந்து, கை கொடுத்து, அவரை எழுப்பினான்.

அவர் அதையும் பார்த்தார். இன்னும் எரிந்தது.

பொதுப் படங்கு மட்டும் நிலத்தில் கிடந்தது. மழைக்குக் கட்டுவது. நனைந்து இரட்டிப்பாகக் கனக்கும். மகன் அதைத் தூக்கினான். ஒரு கணம் தயங்கினான். பிறகு தகப்பனிடம் வந்தான்.

"அப்பா..."

அவர் முடிக்க விடவில்லை. திரும்பி நின்று சற்றுக் குனிந்து கொடுத்தார். கோயிலில் பரிவட்டம் கட்டும்போதுகூடக் குனியாத முதுகு.

"அது இண்டைக்கு என்ர முறையெல்லோ," என்றார் சம்பந்தியார்.

"என்ர பிள்ளை என்ர முதுகிலதான் கட்டுவான்."

கயிறு இறுகியது. முடிச்சு விழுந்தது.

முடிச்சு விழுந்த பிறகும் மகனின் கை அங்கேயே இருந்தது.

சம்பந்தியார் கடலைப் பார்த்தார்.