மூன்றாவது அடிக்கு முன்

மனைவி சுகிர்தம் பாடிப் பதிவான ஒரே பாட்டு தேவசகாயத்திடம் இரண்டு கோப்புகளாக இருந்தது. ரெக்கார்டரில் பதிந்தபடியே இருக்கும் பெரியது ஒன்று. அவள் இறந்த பிறகு சொந்தக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சுருக்கிய எம்பி3 இன்னொன்று. சுருக்கியதில் அவள் வளையல்கள் தண்ணீருக்குள் உரசுவதுபோல் கேட்டன. மூன்றாவது அடிக்கு முன் அவள் இழுக்கும் மூச்சு அதில் இல்லவே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா," என்றான் கனடாவிலிருந்து மகன் ரூபன். "எது ஓடுதுன்னு தெரிஞ்சிக்கிட்டே கேட்டா அப்படித்தான் தோணும். யாரையாவது மாத்தி மாத்திப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க."

யாரையாவது. அந்தச் சொல்லோடு இரண்டு நாள் வேறு ஆளில்லாத வீட்டுக்குள்ளேயே நடந்தார். பிறகு தானே கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். எதை அழுத்தினோம் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை, உள் அறை ஸ்பீக்கரில் பெரிய கோப்பு ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேன் போடும் மாடசாமி வந்தான். மூன்று மாதமாகத்தான் இந்தத் தெருவுக்கு வருகிறான். இந்த வீட்டுக்கு வாரம் ஒரு கேன். சுருக்கிய கோப்பு ஓடும் நாட்களில், "பாட்டைக் கொஞ்சம் குறைங்க சார், கேன் வந்திருக்கு," என்று வாசலில் நின்று கத்துவான். இன்று கேனைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்துவிட்டு நின்றான். மூன்றாவது அடிக்கு முன் அந்த மூச்சு வந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா சார்? இனி ரெண்டு கேனாப் போடவா?"

தேவசகாயம் உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாவே போடு."