நோட்டீஸுக்கு ஒரு படம்

தெருமுனையில் பூட்டிக் கிடந்த ஹோட்டலில் அகதிகளைத் தங்கவைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், லண்டன் நோர்பரியில் வசிக்கும் சிவபாதம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். எதிர்ப்பு நோட்டீஸ் அடிக்க மகள் தக்ஷிகாவை லாப்டாப்புடன் உட்காரவைத்தார்.

"போன மாசம் கிரீஸில எடுத்த படத்தைப் போடு பிள்ளை. அந்தக் கடற்கரை ஊரில ஒரு குப்பை கிடந்ததோ? கதவைப் பூட்டாமலே சனம் படுக்குது. கீழ எழுது: அகதிகள் வராத ஊரின் அழகைப் பாரீர்!"

"அப்பா, நீங்கள் சாய்ஞ்சு நிக்கிற கல்லில என்ன எழுதியிருக்கு?"

"சேர்ச்சுக்கு உபயம் செய்த ஆக்களின்ர பேராக்கும். எங்கட கோயில்களில இல்லையே?"

தக்ஷிகா போனைத் திரைக்கு நேரே பிடித்தாள். கிரேக்க எழுத்தைப் போன் மொழிபெயர்த்துக் காட்டியது.

"நூறு வருசத்துக்கு முதல் அகதிகளாகப் படகில வந்து, இந்த ஊரை உருவாக்கின குடும்பங்களாம்."

சிவபாதம் திரையில் கல்லைத் தொட்டுக் காட்டினார்.

"அவையள் வேற. எங்களைப்போல உண்மையான அகதிகள். நீ அந்தக் கல்லை மட்டும் வெட்டிவிடு."

"கல்லை வெட்டினா நீங்களும் போயிடுவீங்கள், அப்பா."

"பரவாயில்லை, என்னையும் சேர்த்து வெட்டு!"