சிவப்புக் கோட்டுக்கு மேலே

நர்ஸ் ஜெபமணி இன்று ஓய்வு பெறலாமா என்பதைப் பங்குச் சந்தைதான் முடிவு செய்யும். மாலை மூடும்போது சந்தை, வரைபடத்தில் அவள் போட்டுவைத்த சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றால், பங்குகளில் இருக்கும் அவளுடைய சேமிப்பு போதும். இல்லையென்றால் இன்னும் ஐந்து வருடம் வார்டுதான்.

மதியம் சந்தை சரிந்தது. வார்டுத் தோழிகள் அவளுக்காக வாங்கிய பூமாலையை அலமாரிக்குள் ஒளித்துவைத்துவிட்டுச் சுவரில் இருந்த திரையையே பார்த்தார்கள். மூடும் நேரத்தில் அது மெல்ல ஏறியது.

"தாண்டிருச்சுக்கா. இனி எங்களத் திட்ட ஆள் இல்ல," என்றாள் லில்லி.

ஜெபமணி வீட்டுக்குப் போன் செய்தாள். "ஏங்க, பாத்தீங்களா?"

மறுமுனையில் கணவர் தேவசகாயம் டிவியை அணைத்தார்.

"இன்னும் இறங்கிருமோன்னு பயந்துட்டேன் ஜெபா. மத்தியானமே நம்ம பங்கையெல்லாம் வித்துட்டேன்."

பின்னால் எல்லோரும் கைதட்டினார்கள். லில்லி அவள் கழுத்தில் மாலையைப் போட்டாள்.